கரையேறாத மரம்

கடற்கரை விடுதியின் கலைக்கூடத்தைத் துடைக்க வந்த முதல் நாளே அஞ்சலாட்சி அந்தக் கட்டுமரத்தைப் பார்த்துவிட்டாள். வார்னிஷ் அடித்து, விளக்குப் போட்டு நிறுத்தியிருந்தார்கள். ஓரத்து மரத்தில் அவள் புருஷன் உளியால் வெட்டிய மூன்று கோடுகள் அப்படியே இருந்தன. விடுதி கட்டக் குப்பத்தை இடித்த அன்று லாரியில் ஏற்றிப்போன மரம். 'பழங்கால மீனவர்கள் பயன்படுத்தியது' என்றது பலகை. அந்தப் பழங்கால மீனவன் வெளியே கேட்டில், தொப்பி போட்டுக்கொண்டு, வருகிற கார்களுக்கெல்லாம் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தான்.

அவள் வாளியை வைத்துவிட்டுக் கயிற்று முடிச்சில் கைவைத்தாள்.

"ஏம்மா, அதத் தொடக்கூடாது" என்று மேலாளர் ஓடிவந்தார்.

"கரைக்கு வந்தா மரத்த அவுத்துக் காயப்போடணும் சார். எட்டு வருசமா கட்டியே வச்சிருக்கீங்க."

"இது காட்சிக்கும்மா. இதுல யாரு இனிமே கடலுக்குப் போவப்போறா?"

"அத நீ சொல்லாத."

முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. ஒரு மரத்தைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அஞ்சலாட்சி வாசல் பக்கம் திரும்பி, கல்யாணமான நாளிலிருந்து வாயால் சொல்லாத பெயரைக் கூடமே அதிரச் சொன்னாள்.

"தேசிங்கு, உள்ள வா."