வீராயிக்கு அர்ச்சனை

"வீராயிக்கு நாளைக்கு ஒப்பரேஷன் புள்ள. பயமா இருக்கு," என்று தெல்தோட்டைப் பழனியாண்டி தொலைபேசியில் நடுங்கும் குரலில் அழுதார்.

கண்டித் தனியார் ஆஸ்பத்திரியின் கோல் சென்டரில் சொந்தப் பேச்சுக்கு இடமில்லை. ஆனாலும் அழைப்பை எடுத்த சுகந்தினிக்கு மனம் கேட்கவில்லை.

"அழாதீங்க ஐயா. நான் அவங்க பேருக்கு அர்ச்சனை பண்றேன்."

மறுநாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்தவளை மேனேஜர் கூப்பிட்டார்.

"கோல் எடுத்தவரோட கனநேரம் சொந்தக் கதை கதைச்சிருக்கிறீர். இனி வேலைக்கு வரத் தேவையில்லை."

"பாவம் சேர், அவர் சம்சாரத்துக்கு இன்னைக்கு ஒப்பரேஷன். இதையாவது அனுப்பி வைங்க," என்று விபூதிப் பொட்டலத்தை மேசையில் வைத்தாள்.

பக்கத்துக் கதிரையில் டை கட்டியிருந்த இளைஞன் சிரித்தான். ஊழியர்களைச் சோதித்துப் பார்க்கக் கம்பனி அமர்த்திய ஆளாம்.

பழனியாண்டியின் அதே நடுங்கும் குரலில் சொன்னான்:

"வீராயின்னு யாருமே இல்ல, புள்ள."