எதிர்மலை

வேன் நின்றதும் அவள் முதலில் குழந்தையின் காலிலிருந்து கழன்ற சப்பாத்தைத் தேடினாள்.

ஒன்று சீட்டுக்கு அடியில் கிடந்தது. மற்றது அவள் மடியிலேயே இருந்தது.

தலவாக்கலை தாண்டி, அருவி பார்ப்பதற்கென்று ரோட்டோரத்தில் ஓர் இடம். கம்பி வேலி. அவித்த சோளம் விற்கிறவர். நாலைந்து வேன்கள். மேடமும் அவர் கணவரும் இறங்கி, எதிரிலிருந்த தேநீர்க் கடைக்குள் போய்விட்டார்கள்.

ஆறு நாளாக இப்படித்தான். தோஹாவிலிருந்து மேடம் குடும்பத்தின் சுற்றுலா. நாலு வயது நூராவைப் பார்த்துக்கொள்ள, அங்கே அவர்கள் வீட்டில் வேலை செய்கிற அவள்.

சிகிரியாவை அதுவரை பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருந்தாள். அடிவாரத்தில் நூராவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள். பெரிய கல்.

கண்டியில் அவர்கள் தலதா மாளிகையைப் பார்த்து வரும்வரை, தூங்கிப்போன நூராவைத் தோளில் போட்டுக்கொண்டு வாவிக்கரையில் நடந்தாள். தண்ணீரில் மீன்கள் இருந்தன.

மேடம் அழகு என்று சொன்ன இடத்திலெல்லாம் அவளும் அழகு என்றாள்.

நேற்று நுவரெலியாவில் மேடம் கேட்டார்: இந்த நாட்டை விட்டுவிட்டு வர உனக்கு எப்படி மனசு வந்தது?

குத்தலாக இல்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

அவள் சிரித்துவைத்தாள்.

இப்போது நூராவின் கையைப் பிடித்துக்கொண்டு கம்பியருகே நின்றாள்.

அருவி பக்கத்துப் பாறையில் அடித்து, ரோட்டுக்குக் கீழே பள்ளத்தில் இறங்கியது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மலை. மலை முழுக்கத் தேயிலை. நடுவில் ஒரு லயம், பன்னிரண்டு வீடுகள் ஒரே கூரையின் கீழ். கடைசி வீட்டுக்கு மட்டும் புதுத் தகரம்.

அந்தத் தகரத்தை அவள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள்.

இந்த ரோட்டில் எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறாள். இறங்கி நின்று பார்த்ததில்லை. வெயில் சாய்ந்து விழுந்ததில் தேயிலை நிரைகள் வகிடெடுத்துச் சீவிய தலை மாதிரி இருந்தன.

அழகாகத்தான் இருந்தது.

"அக்கா ஊர் எந்தப் பக்கம்?" வேன் டிரைவர் நிஸாம் பக்கத்தில் வந்து நின்றான்.

"அந்தத் தோட்டந்தான்." கை நீட்டவில்லை. தாடையால் காட்டினாள்.

"முன்னமே சொல்லியிருக்கலாமே. இவங்க டீ குடிச்சி முடிக்க ஒரு மணித்தியாலம் எடுக்கும். கால்மணியில கொண்டுபோய் விடுறன். மேடத்துக்கிட்ட நான் கேக்குறன்."

"வேணாம் தம்பி."

கேட்டால் மேடம் விட்டுவிடுவார். அதனால்தான் அவள் கேட்கவில்லை.

நாலு வருடத்துக்கு முன்னால் லீவில் வந்துவிட்டுத் திரும்பியபோது, மகள் நிரோஷினி பஸ்ஸுக்குப் பின்னாலேயே பாலம்வரை ஓடிவந்தாள். ஏழு வயது அப்போது. பிறகு ஒன்பது நாள் காய்ச்சல். பிள்ளையை வளர்க்கிற அக்கா போனில் சொன்னாள்: "வந்தா ஒரேயடியா வா. நடுவுல வந்து புள்ளயக் கலைக்காத."

ஒரேயடியாக வர இன்னும் இரண்டு வருடம் கிடக்கிறது.

அவள் நாட்டுக்கு வந்திருப்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

"தம்பி, ஒங்க போன்ல இருந்து எனக்குக் கொஞ்சம் நெட் குடுக்கிறீங்களா?"

நிஸாம் கொடுத்தான். கொடுத்துவிட்டுச் சோளக்காரரிடம் போய் நின்றுகொண்டான்.

எப்போதும் அழைக்கிற அதே வாட்ஸ்அப். இரண்டாவது மணியிலேயே மகள் எடுத்துவிட்டாள்.

"அம்மா? இன்னைக்கு வெள்ளிக்கிழம இல்லையே."

"சும்மாதான். சரியா கேக்கல. வெளிய வந்து பேசு."

கடைசி வீட்டிலிருந்து மஞ்சளாக ஒன்று வெளியே வந்தது.

"என்ன சட்ட போட்டிருக்க?"

"மஞ்ச. பெரியம்மா தைச்சது. ஏன்?"

"சும்மா."

மஞ்சள் வாசலைத் தாண்டி முற்றத்து விளிம்புக்கு வந்தது. உயரம் தெரியவில்லை. முடி நீளமா, குட்டையா, அதுவும் தெரியவில்லை. கட்டைவிரலை நீட்டினால் மறைந்துபோகிற அளவு.

அழுகை வரும் என்று அவள் காத்திருந்தாள்.

வரவில்லை. கம்பி குளிர்ந்திருந்தது. கீழே தேயிலைக்குள் யாரோ இருமினார்கள்.

நூரா அவள் பாவாடையை இழுத்து அருவியைக் காட்டினாள். "தண்ணி, தண்ணி."

"அது யாரும்மா?"

"மேடம் புள்ள."

"தமிழ் பேசுது."

"ம்."

"நீங்களா சொல்லிக் குடுத்தீங்க?"

"தானா புடிச்சிக்கிச்சி."

மஞ்சள் அசையாமல் நின்றது. பிறகு உட்கார்ந்தது போலிருந்தது.

"அம்மா, அங்க அருவிச் சத்தம் கேக்குது."

"டிவில ஓடுது."

"நம்ம அருவி மாதிரியே இருக்கு." குரலில் ஆசை வந்திருந்தது. "எந்த நாடும்மா?"

மேகத்தின் நிழல் பள்ளத்திலிருந்து தேயிலை மேல் ஏறி, லயத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. முதல் வீடு மங்கியது. இரண்டாவது வீடு மங்கியது.

"தெரியல" என்றாள். "பாக்க நல்லா இருக்கு."