ஸ்பிரே அடிக்காத படம்

"ஸ்பிரே மட்டும் அடிக்காதேங்கோ மாஸ்டர். எனக்கு அந்த மணம் ஒத்துவராது. மூச்சு இழுப்பு வந்திடும்" என்றாள் பிறிஜெற்.

வின்சன்ற் மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இது கரிப்படம், பிறிஜெற். ஸ்பிரே அடிச்சாத்தான் கரி கடதாசியில நிக்கும். இல்லாட்டி ஒரு விரல் பட்டாலே உங்கட புருசனை உங்களுக்கே அடையாளம் தெரியாது."

"விரல் படாமப் பாத்துக்கொள்ளுங்கோ. திங்கட்கிழமை காலமை வந்து எடுக்கிறன். அதுமட்டும் இஞ்சயே இருக்கட்டும். வீட்டில வச்சா எனக்கு அழுகை வரும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை றொபேட்டின் முப்பத்தோராம் நாள் பூசை. துறைமுகத்தில் கிறேன் ஓட்டி, மாரடைப்பில் போய்ச் சேர்ந்த மனிதர். பூசை முடிய ஜம்பட்டா வீதியில் பாதிப்பேர் அவர் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். சோறு வரும்வரை சுவரில் மாட்டிய படத்தைத்தான் குறை பார்ப்பார்கள். சந்தி ஸ்டூடியோக்காரன் எந்தப் போட்டோவையும் ஒரே நாளில் பெரிதாக்கிக் கொடுக்கிற காலம் அது. மாஸ்டரிடம் எஞ்சியிருந்தது ஒரே ஒரு பெருமை: இருபத்திரண்டு வருடத்தில் அவர் கொடுத்த ஒரு படத்திலும் கரி இழுபட்டதில்லை. இந்தப் படம் கெட்டால் பெருமையோடு பிழைப்பும் போய்விடும்.

அந்தப் பெருமைக்காக மனிதர் படாத பாடு படுவார். மேலே இடது மூலையில் தொடங்கிக் கீழே இறங்குவாரே தவிர, கீறி முடித்த இடத்தில் திரும்பக் கை வைக்கமாட்டார். உள்ளங்கைக்குக் கீழே எப்போதும் ஓர் ஒயில் பேப்பர். தும்மல் வந்தால் றோட்டுக்கு ஓடிப்போய்த் தும்முவார். ஒருமுறை படத்துக்குக் கிட்ட வந்து சிரித்த பாதிரியாரையே, "ஃபாதர், அங்கால போய்ச் சிரியுங்கோ, துப்பல் தெறிக்கும்" என்று துரத்தியவர்.

இந்தப் படத்துக்கு அதுவும் போதாது என்று பட்டது. ஸ்டாண்டைச் சுற்றி வீட்டில் இருந்த நாலு கதிரையையும் வைத்துக் கயிறு கட்டினார். 'தொடாதீர்கள்' என்று மூன்று மொழியிலும் எழுதித் தொங்கவிட்டார். பூனையைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு லுத்பியாவிடம் ஒப்படைத்தார்.

"நாலு கதிரையையும் எடுத்தா நான் எங்க இருக்கிறது?" என்று கேட்டாள் மனைவி ஐறீன்.

"நில்லு. ரெண்டு நாள்தானே. படத்துக்குக் கிட்ட மட்டும் போயிடாத."

"எனக்கென்ன வேலை அதுக்குக் கிட்ட?" என்று சொல்லிவிட்டு அவள் குசினிக்குள் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை மாஸ்டர் போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த காகமெல்லாம் எழும்பிப் பறந்தது. றொபேட்டின் தலைமயிர் சரி. கண் சரி. கழுத்துப்பட்டி முடிச்சுக்கூடச் சரி. வாயைத்தான் காணவில்லை. மீசைக்குக் கீழே கரி இழுபட்டு, மனிதர் நாவற்பழம் தின்றுவிட்டு வாய் கழுவாமல் வந்தவர்போல இருந்தார்.

"ஐறீன்! இஞ்ச ஆர் வந்தது?"

"ஒருத்தரும் வரேல்ல" என்று குசினியிலிருந்து பதில் வந்தது.

திருத்துவதற்குக் கரிக்குச்சியை எடுப்பதற்குள் பிறிஜெற் வாசலில் வந்து நின்றாள். மாஸ்டர் இரண்டு கையையும் விரித்துப் படத்தை மறைத்தார். அவள் அவரை விலக்கிக் கொண்டு, கயிற்றுக்கு அடியால் குனிந்து உள்ளே போய், புருசனின் முகத்தை உற்றுப் பார்த்தாள். மாஸ்டருக்கு வியர்த்து ஊற்றியது.

"என்ர பிழையில்ல பிறிஜெற்! ஸ்பிரே அடிப்பமெண்டு நான் தலைதலையா அடிச்சனான்."

"நான் ஒண்டும் சொல்லேல்லயே, மாஸ்டர்."

"எங்கட சனத்துக்குப் படத்தைக் கண்டா வாய் வச்சுக் கொஞ்சாமல் இருக்கேலாது. ஆரும் வந்து மரியாதைக்குக் கொஞ்சியிருப்பினம்."

"மரியாதைக்கெண்டா நெத்தியில கொஞ்சுவினம். இது வாயில, சொண்டோட சொண்டு வச்சது."

மாஸ்டருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்ப நான் கை வச்சனெண்டு சொல்லுறீங்களோ? நேற்று விடியப் பூசைக்குப் போகேக்க பாத்தனான், படம் முழுசா இருந்தது. அப்பிடியே வத்தளைக்கு வகுப்பெடுக்கப் போட்டன். பொழுதுபட்டு வந்து, வந்த களையில படுத்திட்டன். வீட்டில ஐறீன் மட்டும்தான். கதவுத் திறப்பும் அவளிட்ட. மூண்டு வருசமா ஞாயிற்றுக்கிழமையில நான் வீட்டிலயே இருக்கிறதில்ல! கொட்டாஞ்சேனையில ஆரைக் கேட்டாலும் தெரியும்!"

"எங்கட றொபேட்டுக்கும் தெரியும்" என்றாள் பிறிஜெற்.

மேசையில் இருந்த ஸ்பிரே போத்தலை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இனி அடியுங்கோ மாஸ்டர். எனக்கு இழுப்புமில்ல, ஒண்டுமில்ல."

பிறகு குசினிப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள். "ஐறீன், நாளைக்குப் பூசைக்குக் கட்டாயம் வா. முன் வாங்கில, எனக்குப் பக்கத்தில உனக்கும் இடம் வைக்கிறன்."