சொல்லாமல் கிளம்பியவள்

எதிர்வீட்டு ஹில்டாவின் கணவர் இறந்துபோன அன்று தெருவில் ஒருவரும் அவள் கதவைத் தட்டவில்லை. துக்கப்படுகிறவரைத் தனியே விடுவதுதான் அந்த நாட்டில் மரியாதையாம். புதிதாக அங்கே குடிவந்திருந்த செண்பகவல்லிக்கு மனசு ஒப்பவில்லை.

“கேக்காம யார் வீட்டுக்கும் போகப்படாது. இது நம்மூரு இல்ல, கேட்டியா?” என்றார் அவள் கணவர்.

“சாவு வீட்டுக்கு வெத்தல பாக்கு வச்சா அழைப்பாவ? நல்லாருக்கு உங்க நியாயம்!”

போயே விட்டாள், என்ன மனசு பாருங்கள்! கதவைத் திறந்த ஹில்டா திகைத்து நின்றாள். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. செண்பகவல்லி அவளைக் கைபிடித்துத் தரையில் தன் பக்கத்தில் உட்காரவைத்து, முகம்கூடச் சரியாகத் தெரியாத அந்த மனிதருக்காக வாய்விட்டு அழுதாள். ஹில்டா அழவில்லை. விறைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருக்கிற துக்கத்தில் நாமும் நோகடித்துவிட்டோமோ என்று செண்பகவல்லி அழுகையை நிறுத்திக்கொண்டாள். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. பேசாமல் எழுந்து நடந்தாள்.

பாதித் தெருவில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சாஸ்திரத்தை விட்டுத் திரும்பினாள். பனியில் வெறுங்காலோடு வந்து நின்ற ஹில்டா, செண்பகவல்லியின் கோட்டு நுனியைப் பற்றிக்கொண்டு, திறந்து கிடந்த தன் வீட்டைக் கைகாட்டினாள்.