ஓட்டிப் பார்த்த வண்டி

காரில் டிரைவர் இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான்.

இருக்கையைப் பின்னால் தள்ளும் கம்பி எங்கே இருக்கிறது என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். தெரியாதவன் எவ்வளவு நேரம் தேடுவானோ, அவ்வளவு நேரம் தேடினான்.

“இன்னும் கொஞ்சம் முன்னாடிங்க சார். ஆங், அதுதானுங்க” என்றான் பின்னால் உட்கார்ந்திருந்த கஜேந்திரன். ஷோரூமின் சேல்ஸ்மேன். அவனும் மோசமாக நடிக்கவில்லை.

பக்கத்தில் மனைவி. அவள் மடியில் கைப்பை. அதற்குள், ஊரார் பிளவுஸையெல்லாம் தைத்துத் தைத்து அவள் கட்டிய சீட்டுப் பணம்.

மழையில் நனைந்துகொண்டு நீங்கள் ஆபீஸ் போக வேண்டாம் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆபீஸ்.

ஆடி மாதத்தில் பம்ப் கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். குறைந்தவர்களில் அவனும் ஒருவன். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டதில் ஐப்பசி வந்துவிட்டது. இப்போதும் அவள் காலையில் டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுக்கிறாள். அவன் வாங்கி ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறான்.

நாள் முழுக்க ஒரு மனிதன் எங்கேதான் போவான்?

ஒரு மழை நாளில் இந்த ஷோரூமுக்குள் ஒதுங்கினான். ஏசி இருந்தது. காபி வந்தது. ‘சார்’ என்று கூப்பிட்டார்கள். காபியைவிட அந்த ‘சார்’ அவனுக்கு இதமாக இருந்தது.

வெட்கத்தை விட்டு மறுபடியும் வந்தான். மறுபடியும்.

வாங்காத ஆள் திரும்பத் திரும்ப வந்தால் எந்தக் கடையிலும் முகம் சுளிப்பார்கள். கஜேந்திரன் சுளிக்கவில்லை. இத்தனை பேரை டெமோ வண்டியில் ஏற்றி ஓட்டிக் காட்டினேன் என்று அவன் மேனேஜரிடம் தினமும் சொல்லியாக வேண்டும். ஓட்டத் தயாராக ஓர் ஆள் வந்து நின்றால் அவனுக்கு என்ன கசக்கவா போகிறது?

அந்த டெமோ வண்டியைத்தான் இப்போது விலையைக் குறைத்துத் தள்ளுகிறார்கள். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக அவனை இழுத்துவந்திருக்கிறாள். கோயமுத்தூரில் வேறு ஷோரூமே இல்லையா? வாசலில் கஜேந்திரனுக்குக் கண்ணைக் காட்ட மட்டும்தான் அவனுக்கு நேரம் கிடைத்தது.

வண்டி கிளம்பியது. கதவுகள் தாமாகப் பூட்டிக்கொண்டன.

“கார் ஓட்டிப் பல வருசமாச்சுன்னீங்க. நல்லாத்தானே ஓட்டறீங்க!”

முகமெல்லாம் சிரிப்பு அவளுக்கு. அவன் பார்வையை ரோட்டுக்குத் திருப்பினான்.

இப்போதே சொல்லிவிட்டால் என்ன? பின்னால் கஜேந்திரன் இருக்கிறான். வீட்டுக்குப் போய்ச் சொன்னால்? அதற்குள் கைப்பை திறந்துவிடும். பிடிக்கவில்லை என்று சொன்னால் ஏன் என்பாள். பிடித்திருக்கிறது என்று சொன்னால் மாதாமாதம் தவணைக்கு எங்கே போவது?

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு வேர்த்தது.

கல்யாண மண்டபத்தைத் தாண்டியதும் பிரேக்கில் கால் வைத்தான். வண்டி மெதுவாக ஏறி இறங்கியது. வேகத்தடை. பெயின்டெல்லாம் அழிந்து, ரோட்டோடு ரோடாகக் கிடந்தது.

அவள் கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாக அதைப் பார்த்தாள்.

பிறகு அவனைப் பார்த்தாள்.

பெட்ரோல் பங்குக்கு எதிரே இண்டிகேட்டரைப் போட்டு வண்டியைத் திருப்பினான். பாதி திருப்பிய பிறகுதான் உறைத்தது. திரும்புங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

“இங்கதானுங்க சார், இங்கதான் திரும்போணும்” என்றான் கஜேந்திரன் அவசர அவசரமாக.

வரும் வழியெல்லாம் அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஷோரூமில் கண்ணாடி மேஜை முன்னால் உட்காரவைத்தார்கள். காபி கொடுக்கும் அம்மா தட்டுடன் வந்தாள். அவளிடம் கஜேந்திரன் எதையும் சொல்லி வைக்கவில்லை போலிருக்கிறது. ஒரு கப்பை மனைவி முன்னால் வைத்தாள். இன்னொன்றை அவன் முன்னால் தள்ளினாள்.

“சாருக்கு எப்பவும் போல சக்கரை போடலைங்க.”

நல்ல மனசு அந்த அம்மாவுக்கு. சிரித்துக்கொண்டே போனாள்.

அவன் காபியையே பார்த்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்க முடியவில்லை.

கஜேந்திரன் தொண்டையைச் செருமினான். “அட்வான்ஸ் கட்டிட்டீங்கன்னா வண்டிய வேற யாருக்கும் காட்ட மாட்டமுங்க மேடம். லோனுக்கு சாரோட சம்பள சிலிப் மட்டும் குடுங்க. கடைசி மூணு மாசத்துது போதும்.”

கைப்பையின் ஜிப்பைப் பாதி திறந்திருந்த அவள் கை அப்படியே நின்றது.

யாரோ வெளியே புது வண்டிக்குத் தேங்காய் உடைத்தார்கள். கைதட்டல் கேட்டது.

அவள் ஜிப்பை மூடினாள்.

“இது வேண்டாமுங்க” என்றாள் கஜேந்திரனிடம். “நெறையப் பேரு ஓட்டுன வண்டியாட்டத் தெரியுது.”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. அவன் ஸ்கூட்டரைத் துடைத்து எடுத்தான். அவள் கைப்பையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

அவன் கிளப்பவில்லை. கேட்கட்டும் என்று காத்திருந்தான். வேலை எப்போது போனது, ஏன் மறைத்தீர்கள், மாதாமாதம் கொண்டுவந்து கொடுத்த பணம் யாரிடம் வாங்கியது, இப்படி ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தான். ராத்திரியெல்லாம் தூக்கமில்லாமல் சொல்லிப் பார்த்த பதில்கள்.

அவள் அதில் எதையும் கேட்கவில்லை. அவன் தோளில் கையை வைத்தாள்.

“ஏனுங்க, மத்தியானச் சோத்த எங்க உக்காந்து திங்கறீங்க?”