சூடேறாத வயர்

“மகன், சப்வூஃபருக்குப் போடுற வயர்ல ஆக நல்லது எது?”

கேட்டவரைப் பார்த்ததும் ஜுனைட்டின் கையிலிருந்த குறடு நழுவிக் கீழே விழுந்தது.

கல்முனை பிரதான வீதியில் கார்களுக்கு ஸ்பீக்கர் பூட்டும் கடை அவனுடையது. வாசலில் நின்றவரோ அப்துல் ஸமட் ஹாஜியார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர். அதிகம் கதைக்காதவர். போன வருடம் இதே கடை வாசலில் நின்று, “தொழுற நேரத்தில இந்தக் குத்துச் சத்தத்த நிப்பாட்டுங்க” என்று ஏசிவிட்டுப் போனவர்.

“ஆருக்கு ஹாஜியார்?”

“எனக்குத்தான். என்ட கார் பற்றரியில இருந்து இழுக்கோணும்.”

பக்கத்துக் கடையில் போன் திருத்திக்கொண்டிருந்த முர்ஷித் இதைக் கேட்டுவிட்டு எழுந்தே வந்துவிட்டான்.

நாடு முழுக்கக் கரண்ட் வெட்டு நடந்த வருடம் அது. பெட்ரோலுக்கு லைன், காஸுக்கு லைன். அதிலும் நோன்பு மாதம். இந்த மனிதருக்கு இப்போது சப்வூஃபர் கேட்கிறதா?

ஜுனைட் வாய்க்குள் வந்ததை விழுங்கிக்கொண்டான். வியாபாரம் வியாபாரம்தான்.

“எத்தன வோட்ஸ்?”

“ஆயிரம் எண்டு போட்டிரிக்கி.”

“ஆயிரமா! வயர் எத்தன அடி வேணும்?”

“முப்பது.”

“உங்கட கார்ல முன்னுக்கிருந்து டிக்கிக்குப் பதினஞ்சடியே காணுமே!”

“முப்பது வேணும் மகன்.”

முர்ஷித் ஜுனைட்டின் காதில் குனிந்தான். “ஸ்பீக்கர் பெட்டிய ஊட்டு முத்தத்தில வெச்சு ஊருக்கே அடிக்கப் போறாரு போல.”

ஜுனைட் சிவப்பு வயர்ச் சுருள் ஒன்றை எடுத்து மேசையில் போட்டான். ஹாஜியார் அதைக் கையில் வாங்கி, நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது செம்பா?”

“செம்பு பூசின அலுமினியம். எல்லாரும் இதத்தான் எடுக்கிற.”

“இது சூடாகுமா?”

“நீளம் கூடினா கொஞ்சம் சூடாகும்தான்.”

“அப்ப வேணாம்.”

ஜுனைட் உள்ளே போய் வேறொரு சுருளைக் கொண்டுவந்தான். பிளேட்டால் கம்பியைச் சுரண்டிக் காட்டினான். உள்ளேயும் அதே செந்நிறம்.

“இது அசல் செம்பு. கேஜ் நம்பர் குறையக் குறைய வயர் தடிச்சு மொத்தமாகும். தூரம் கூடினா மொத்தமானதுதான் போடோணும்.”

“மெல்லிசாப் போட்டா என்ன நடக்கும்?”

“கரண்ட் போய்ச் சேருறதுக்குள்ள குறைஞ்சிரும். அங்கால உள்ள சாமான் தானா நிண்டிரும்.”

ஹாஜியாரின் முகம் வெளிறியது. “நிண்டிருமா?”

“ஓம். ஓஃப் ஆகி ஓஃப் ஆகி வரும்.”

“நிக்கப்படாது மகன். ஒரு நிமிஷமும் நிக்கப்படாது.”

முர்ஷித்தால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “ஹாஜியார், பாட்டு நிண்டா உசிரா போயிரும்?”

ஹாஜியார் அவனை ஏறெடுத்துப் பார்த்தார். பிறகு ஜுனைட்டின் பக்கம் திரும்பி, “மொத்தமானதையே வெட்டுங்க” என்றார்.

“காரக் கொண்டு வாங்க, நானே பூட்டித் தாறன்.”

“ஏலா. கார் ஊட்டுலதான் நிக்கோணும். மருமகன் பூட்டுவாரு.”

வயரைத் தோளில் போட்டுக்கொண்டு, மீதிக் காசைக்கூட வாங்காமல் வேகமாக நடந்தார்.

அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போன இடத்தில் ஜுனைட்டால் சும்மா இருக்க முடியவில்லை. செருப்புக் கழற்றும் இடத்திலேயே நாலு பேரிடம் சொல்லிவிட்டான். “ஸமட் ஹாஜியார் ஆயிரம் வோட்ஸ் செட் அடிக்கிறாரு!” கேட்டவர்கள் எல்லாம் வாயில் கை வைத்தார்கள். “எங்களுக்கு மட்டுந்தான் ஹராமாமா?” என்று ஒருவர் கேட்டார்.

கடைக்குத் திரும்பிய ஜுனைட் மேசையைப் பார்த்துத் திடுக்கிட்டான். வயரோடு கொடுக்க எடுத்து வைத்த பியூஸ் அங்கேயே கிடந்தது.

பியூஸ் இல்லாமல் அவ்வளவு மொத்த வயர்! எங்காவது உரசினால் காரே பற்றி எரியும்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு சாய்ந்தமருதில் இருந்த ஹாஜியாரின் வீட்டுக்கு மிதித்தான். போகிற வழியிலேயே கரண்ட் போய்விட்டது.

ஹாஜியாரின் வீட்டு முற்றத்தில் கார் நின்றது. பொனட் திறந்திருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பற்றரியிலிருந்து புறப்பட்ட அந்த மொத்த வயர் மணலில் ஓடி, ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போயிருந்தது. பாட்டுச் சத்தம் மட்டும் இல்லை.

“ஹாஜியார்! பியூஸ விட்டுட்டு வந்திட்டீங்க!”

ஹாஜியார் வெளியே ஓடி வந்தார். தொப்பி நனையும் அளவுக்கு வியர்வை.

“இது இல்லாட்டிப் பத்திரும் ஹாஜியார். முதல்ல செட்ட ஓஃப் பண்ணுங்க. பற்றரிக்குப் பக்கத்தில இதப் போடோணும். ரெண்டு நிமிஷ வேல.”

“ஓஃப் பண்ண ஏலா.”

“நெருப்புப் புடிக்கும் எண்டு சொல்றன், நீங்க என்ன…”

“ஏலா மகன்!” ஹாஜியார் அவனுடைய கையைப் பிடித்தார். “கரண்ட் வர இன்னும் நேரமிரிக்கி. அதுவரைக்கும் ஓஃப் பண்ணாம பூட்ட வழி இரிக்கா? பாருங்க, உங்களுக்குத்தான் தெரியும்.”

“அப்பிடி என்னதான் ஓடுது உள்ளுக்கு?”

ஹாஜியார் அவனை உள்ளே அழைத்துப்போய் அறைத் திரையை விலக்கினார்.

வயர் போய் முடிந்த இடத்தில், கட்டிலோரமாக, ‘ஆயிரம் வோட்ஸ்’ என்று எழுதியிருந்த இன்வேர்ட்டர் ஒன்றின் உதவியில் ஒட்சிசன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது; அதன் குழாயை மூக்கில் மாட்டியபடி, ஒவ்வொரு மூச்சையும் கெஞ்சி இழுத்துக்கொண்டு கிடந்தார் ஹாஜியாரின் மனைவி சல்மா உம்மா.