மூன்று மணி மீட்டிங்

சரியாக மூன்று மணிக்கு ஜோஷ்வா தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போய் நீலத் திரையை இழுத்துவிட்டான்.

ஜெனிட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படூரில் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்றே, ஹாலில் பால்கனியை ஒட்டிய மூலையை ஆண்டவருக்கென்று ஒதுக்கியவள் அவள். ஒரு திரு இருதயப் படம், அதன் பின்னால் செருகிய குருத்தோலைச் சிலுவை, ஒரு முக்காலி. திரையையும் அவளே தைத்தாள். மூன்று மணிக்கு உள்ளே போனால் கால் மணி நேரம் இறை இரக்க செபம். நாள் முழுக்க அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

"இனிமே வூட்லேர்ந்துதான் வேலை" என்று சொல்லி, முக்காலிமேல் இவன் லேப்டாப்பை வைத்து ஒரு மாதம் ஆகிறது.

அன்றிலிருந்து அவளுக்கு செபம் சமையலறையில், குக்கருக்குப் பக்கத்தில். செபமாலையும் எங்கேயோ காணாமல் போய்விட்டது. விரல்விட்டு எண்ணிக்கொள்கிறாள்.

"உங்க மேனேஜருக்கு வேற நேரமே கெடைக்கலியா? ஆண்டவர் உசுரு வுட்ட நேரந்தான் கெடைச்சுதா?" என்று காலையில்கூடக் கேட்டாள். அவன் சிரித்து மழுப்பிவிட்டான்.

பட்டென்று கரண்ட் போனது. ஃபேன் நின்றது. வைஃபை பெட்டியின் பச்சை விளக்கும் அணைந்தது.

ஒழிந்தது மீட்டிங். இன்றைக்காவது என் இடத்தை வாங்கிவிட வேண்டும் என்று எழுந்தாள்.

திரைக்குப் பின்னால் முணுமுணுப்பு மட்டும் நிற்கவில்லை.

லேசாக விலக்கிப் பார்த்தாள்.

லேப்டாப் மூடியிருந்தது. ஹெட்செட்டின் ஒயர் எதிலும் செருகாமல் தொங்கியது. ஜோஷ்வா படத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்தான். அவன் விரல்களுக்கிடையில் அவளுடைய செபமாலை.

"ஜெனிட்டாவுக்குத் தெரியறதுக்குள்ள வேற ஒரு வேலை குடுத்துடு ஆண்டவரே..."

அவள் சத்தமில்லாமல் திரையைப் பழையபடி விட்டாள்.

பிறகு, திரைக்கு இந்தப் பக்கம் வெறுந்தரையில் முழங்காலிட்டு, விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.

நாலாவது விரலில் கதவு படாரென்று திறந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த ஏஞ்சலின் பையை வீசிவிட்டு, "யம்மா, கரண்ட் இல்லியா?" என்று கத்தினாள்.

ஜெனிட்டா உதட்டில் விரலை வைத்தாள்.

"கத்தாதடி. அப்பா மீட்டிங்ல கீறாரு."